வளாரும் வயலும்: சாமர்செட் வில்லோத் தோட்ட நினைவுகள்

வில்லோ என்னும் மரத்தின் பெயரைத் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் கிரிக்கெட் மட்டையோடு சேர்த்தே கேட்டிருப்பர். மட்டைக்கு உரியது வெள்ளை வில்லோவின் ஒரு வகை. அது பதினைந்து இருபது ஆண்டுகள் நெடிதோங்கி வளர விடப்பட்டு, அடிமரத்துக்காக வெட்டப்படுகிறது. கூடை முடைவதற்குரிய வில்லோவோ, சாலிக்ஸ் என்னும் அதே பேரினத்தைச் சேர்ந்ததாயினும், பயிரிடும் முறையில் இதற்கு நேர்மாறானது; அது வாழ்நாளில் ஒருமுறையும் மரமாக விடப்படுவதில்லை, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தரையோடு அரியப்பட்டு, வசந்தத்தில் அடிக்கட்டையிலிருந்து கொத்தாக எழும் மெல்லிய, கிளைக்காத வளார்களுக்காக மட்டுமே பேணப்படுகிறது. தமிழகத்து மலையோடைகளின் ஓரத்தில் தானே வளரும் ஆற்றுப்பாலையும் இப்பேரினத்தின் உறவுதான் என்றாலும், வில்லோவை நெல் போலவும் கரும்பு போலவும் வரிசை பிடித்து நட்டு, களையெடுத்து, அறுத்துக் கட்டும் வேளாண்மையைக் காண இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சாமர்செட் தாழ்நிலத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

இக்கட்டுரையின் நினைவுகள், அம்மாவட்டத்துத் தலைநகரான டான்டனில் பணியின் பொருட்டுச் சில ஆண்டுகள் குடியிருந்த தஞ்சை மாவட்டத்துக்காரர் ஒருவருடையவை. ஸ்டோக் செயின்ட் கிரெகரி என்னும் சிற்றூருக்கு அருகே, வில்லோ பயிரிடுவதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட முதிய குடியானவர் ஒருவரின் தோட்டத்தில், விடுமுறை நாள்களில் கூலி பெறாமல் வேலை செய்து, கூலிக்கு ஈடாகச் சில கட்டு வளார்களை வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். கூடை முடையப் பழக வேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கமாக இருந்தது. வயலில் கால் வைத்தபின் அந்நோக்கம் பின்னுக்குப் போய், முடைபவரின் கைக்கு வளார் வந்து சேர்வதற்குள் அதன் தரத்தில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. அந்த எண்ணத்துக்குக் காரணமாயிருந்த வேலைகளை வரிசையாகச் சொல்வதே இங்குச் செய்யக்கூடியது.

முதலில் நிலம். மெண்டிப் குன்றுகளுக்கும் குவான்டாக் குன்றுகளுக்கும் இடையே, கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்களே மேலாகவும், கடல் பொங்கும் வேளைகளில் ஓதத்தின் உயரத்துக்கும் தாழ்வாகவும் கிடக்கும் இந்தப் பரப்பில் பாரட், டோன், ப்ரூ முதலிய ஆறுகள் மெல்ல ஊர்ந்து செல்கின்றன. இடைக்காலத்தில் கிளாஸ்டன்பரி போன்ற மடாலயங்கள் தொடங்கிவைத்த வடிகால் வேலை பல நூற்றாண்டுகள் நீண்டு, சதுப்பாகக் கிடந்ததை மேய்ச்சல் நிலமாக்கியது. 'ரீன்' என்று அவ்வூரார் சொல்லும் வடிகால் வாய்க்கால்களே அங்கு வயலுக்கு வயல் எல்லை. வேலியும் அவையே, வடிகாலும் அவையே, கோடையில் பாசன நீர் நிற்கும் இடமும் அவையே. உள்நாட்டுப் பக்கம் மக்கிய தாவரப் பொருள் படிந்து உண்டான கருமண்ணும், ஆற்றோரங்களிலும் கடலோரத்திலும் வண்டல் கலந்த களிமண்ணும் உள்ள இந்நிலத்தில், வில்லோவுக்கு உகந்தது ஆற்றோரத்துக் களிமண் என்பர். அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆயினும் வடிகால் ஒழுங்காக இருந்தால் வேரை அழுக விடாது. 2013-14ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இப்பகுதி வாரக்கணக்கில் நீரில் மூழ்கி, மச்செல்னி என்னும் ஊர் தீவாகித் துண்டிக்கப்பட்ட செய்தி உலகமெங்கும் பரவியது. இலையுதிர்ந்து உறங்கும் பருவத்தில் வரும் வெள்ளத்தை வில்லோ பொறுத்துக்கொள்ளும். வளரும் பருவத்தில் நீர் தேங்கி நின்றால் பொறுக்காது. வயலின் உரிமையாளர் மழையைப் பற்றிப் பேசுவதைவிட ரீன்களைத் தூர்வாருவதைப் பற்றியே அதிகம் பேசினார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தஞ்சையிலிருந்து சென்றவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கூடைக்கென்று பயிரிடப்படும் வில்லோ மூன்று சிற்றினங்களிலிருந்து பெரும்பாலும் வருகிறது. வாதுமையிலை போன்ற இலையுடைய சாலிக்ஸ் ட்ரையான்ட்ரா, சாமர்செட்டின் தலையாய பயிர். அதன் வகைகளில் 'பிளாக் மால்' என்பது அங்கு ஏறத்தாழ முழு ஆட்சி செலுத்துகிறது. வளாரின் நடுவே ஓடும் பஞ்சு போன்ற மென்பகுதியைத் தமிழ்நாட்டில் சோறு என்பார்கள். ட்ரையான்ட்ராவில் இந்தச் சோறு குறைவு, மரம் கெட்டி, வளைத்தால் முறியாது. சாலிக்ஸ் விமினாலிஸ் நீண்ட, குறுகிய இலையுடையது; ஒரே பருவத்தில் மூன்று மீட்டரைத் தாண்டக்கூடிய வேகம் உடையதாயினும் சோறு மிகுதி என்பதால், முரட்டு வேலைக்கும் வேலி பின்னவும் செல்லும். ஊதா நிறப் பட்டையுடைய சாலிக்ஸ் பர்ப்யூரியா மெலிந்த, கடினமான வளார் தருவது. நுட்பமான கூடைகளுக்கு உரியது. அதன் பட்டையில் சாலிசின் என்னும் கசப்புப் பொருள் மிகுதியாக இருப்பதால் முயல்கள் அதை எளிதில் தொடுவதில்லை. வில்லோப் பட்டையைப் பொடித்துக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்த எட்வர்ட் ஸ்டோன் என்னும் பாதிரியார், அதைப் பற்றி 1763இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார் என்பதும், பிற்காலத்து ஆஸ்பிரின் மாத்திரையின் வரலாறு அந்தக் கசப்பிலிருந்து தொடங்குகிறது என்பதும் பலர் அறிந்தவை. பிரிஸ்டலுக்கு அருகிலிருந்த லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் 1920களிலிருந்து திரட்டப்பட்ட வில்லோ வகைகளின் தொகுப்பு, அந்நிலையம் 2003இல் மூடப்பட்டபோது ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றப்பட்டது. பயிர் சுருங்கிப்போன பிறகும் வகைகள் அழியாமல் இருப்பதற்கு அத்தொகுப்பே பெரிதும் காரணம்.

நடவு, குளிர் தணிந்து மொட்டு விரிவதற்கு முன், பிப்ரவரி மார்ச் மாதங்களில் நடைபெறுகிறது. விதையோ நாற்றோ கிடையாது. ஓராண்டு முற்றிய வளாரின் அடிப்பாதியைச் சுமார் ஒரு சாண் அல்லது சற்றே கூடுதலான நீளத்துக்குத் துண்டித்துக்கொண்டு, மொட்டுகளின் முனை வானை நோக்கி இருக்கும்படி பார்த்து, முக்கால் பங்குக்கு மேல் மண்ணுக்குள் போகுமாறு உள்ளங்கையால் அழுத்துவதோடு வேலை முடிந்தது. முருங்கைப் போத்து நட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. புதிதாக இருந்தது நெருக்கமே. வரிசைக்கு வரிசை ஏறத்தாழ 70 செ.மீ., செடிக்குச் செடி அதில் பாதி என்னும் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 16,000 போத்துகள் இறங்குகின்றன. வெளிச்சத்துக்குப் போட்டியிட்டால்தான் வளார் பக்கக்கிளை விடாமல் நேராக மேலே போகும். இடம் தாராளமாகக் கிடைத்தால் கிளைத்துப் புதராகும். இதே காரணத்தால் வயலின் ஓர வரிசை எப்போதும் தரம் குறைந்தது; அதை வேலி பின்னுபவர்களுக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

தொழுவுரத்தை வண்டியாகக் கொண்டுவந்து கொட்டலாமே என்ற எண்ணம் உழவர் குடும்பத்தில் பிறந்தவருக்கு எழுவது இயல்பு. வில்லோவுக்கு அது கேடு என்பது அங்கே நிலைத்த கருத்து. ஊட்டம் மிகுந்தால் வளார் தடித்து, சோறு பெருத்து, பார்வைக்குச் செழித்துத் தோன்றிக் கையில் வளைக்கும்போது முறியும். மண் வளமாக இருக்க வேண்டும், ஆனால் கொழுப்பாக இருக்கக் கூடாது. இந்த அளவைத் தீர்மானிக்க அந்த முதியவர் மண்ணைப் பார்க்கவில்லை, சென்ற ஆண்டு வளாரை நடுவே வெட்டி, வெட்டுமுகத்தில் சோற்றின் வட்டம் எவ்வளவு அகலம் என்று பார்த்தார். மரத்தின் பகுதி தடித்து, சோறு ஒரு புள்ளியாக இருந்தால் அந்தப் பாத்திக்கு எதுவும் இடுவதில்லை.

நட்ட முதல் ஆண்டில் எழுவது ஓரிரண்டு மெல்லிய தண்டுகளே. அவற்றையும் குளிர்காலத்தில் தரையோடு அரிந்துவிட வேண்டும். விற்க ஒன்றும் தேறாது. இரண்டாம் ஆண்டு கொஞ்சம் தேறும். மூன்றாம் ஆண்டில்தான் அடிக்கட்டை பருத்து, ஒரு கட்டையிலிருந்து பல வளார்கள் எழுந்து முழு மகசூல் கிடைக்கும். கரும்பில் மறுதாம்பு இரண்டு மூன்று முறைக்கு மேல் ஓடாது என்று அறிந்தவருக்கு, இதே கட்டை இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஆண்டுதோறும் பலன் தரும் என்பதை நம்பச் சிறிது காலம் பிடித்தது. அவர் வேலை செய்த பாத்திகளில் சிலவற்றை நட்டவர் அந்தக் குடியானவரின் தந்தை.

மரபுவழித் தோட்டங்களில் வசந்த காலத்தில் கால்நடைகளை உள்ளே விடும் வழக்கம் இருந்தது. ஏப்ரலிலும் மே மாதத் தொடக்கத்திலும் திடீரென்று விழும் உறைபனியில் இளந்தளிரின் நுனி கருகிப்போகும். நுனி கருகிய வளார் பக்கவாட்டில் கிளைக்கும். கிளைத்த வளார் கூடைக்கு ஆகாது. ஆகவே முதல் தளிரை மாடுகளையும் ஆடுகளையும் விட்டு மேய்த்துவிட்டால், களையும் குறையும், பனிக்காலம் கழிந்தபின் எழும் இரண்டாம் தளிர் ஒரே சீராக வரும் என்பது அதன் பின்னுள்ள கணக்கு. பயிருக்குள் மாட்டை ஓட்டிவிடுவதைக் கண்டு பதறாத தஞ்சைக்காரர் இருக்க முடியாது. இழப்பை முன்கூட்டியே தானே வரவழைத்துக்கொண்டு பெரிய இழப்பைத் தவிர்க்கும் இந்த உத்தியைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றை அந்தத் தோட்டத்தில் அவர் காணவில்லை.

தளிர் மீண்டும் எழுந்தபின் வளர்ச்சி வியப்பூட்டும் வேகம் கொள்கிறது. கோடையின் நீண்ட பகலில் நாளொன்றுக்கு ஓரிரு சென்டிமீட்டர் ஏறி, ஆகஸ்ட் முடிவதற்குள் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். அதற்குள் களையெடுப்பு முடிந்தாக வேண்டும். களைகளில் கொடியது, தாளிக்கொடியின் குடும்பத்தைச் சேர்ந்த, வெள்ளைப் புனல் போன்ற பூப்பூக்கும் ஒரு படர்கொடி. அது வளாரைச் சுற்றி ஏறி, அடுத்த வளாரையும் எட்டிப் பிடித்து, ஐந்தாறு வளார்களை ஒன்றாகக் கட்டி வளைத்துவிடும். கொடியைப் பின்னர் அறுத்து எறிந்தாலும், இளம் பட்டையில் அது அழுந்திய இடம் திருகுசுருளான தழும்பாக நிலைத்துவிடும். அந்தத் தழும்பில்தான் வளார் பிறகு முறியும். ஆகவே ஜூன் மாதத்தில் வரிசைகளுக்கிடையே குனிந்தபடி, கொடியின் வெண்ணிற வேரைத் தொடர்ந்து தோண்டிச் செல்வது முடிவில்லாத வேலை. வேரின் விரலளவு துண்டு மண்ணில் தங்கினாலும் அடுத்த மாதம் புதுக்கொடி எழும். சிறு அளவில் பயிரிடுபவர்கள் இப்போது கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பில் துளையிட்டுப் போத்தை நட்டு இந்தத் தொல்லையிலிருந்து விடுபடுகிறார்கள்.

பூச்சிகளில் உலோகப் பளபளப்புடைய சிறு வில்லோ வண்டு இலையைச் சல்லடையாக்கும். அதைவிடத் தீங்கு, அது நுனியைக் கடிப்பதால் வளார் கிளைப்பதே. கண்ணுக்கு எளிதில் படாத ஒரு கொசுவினப் பூச்சி ட்ரையான்ட்ராவின் நுனியில் முட்டையிட, அங்கே இலைகள் சுருண்டு பொத்தான் போன்ற முடிச்சாகித் தண்டின் வளர்ச்சி நின்றுவிடும். இலையில் மஞ்சள் பொடி படிந்தாற்போல் தோன்றும் துரு நோயும் உண்டு. இவை எதுவும் செடியைக் கொல்வதில்லை என்பதுதான் இதிலுள்ள நுட்பம். சாதாரணப் பயிரில் பொருட்படுத்தத் தேவையில்லாத நுனிச்சேதம் இந்தப் பயிரில் மகசூல் இழப்பாகிறது, ஏனெனில் விற்கப்படுவது நேர்த்தியும் நீளமும் மட்டுமே.

அறுவடை, இலை முற்றிலும் உதிர்ந்தபின் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் மொட்டு விரிவதற்குள் முடிகிறது. பெரிய தோட்டங்களில் இப்போது இயந்திரம் அறுத்துக் கட்டுகளாகவும் கட்டிவிடுகிறது. தஞ்சைக்காரர் வேலை செய்த இடத்தில், இயந்திரம் நுழைய முடியாத ஈரமான மூலைப் பாத்திகளைக் கையால் அரிந்தார்கள். கனத்த, வளைந்த அரிவாளை வலக்கையிலும், ஒரு கட்டையின் வளார்களை இடக்கை அணைப்பிலும் கொண்டு, மண்ணைத் தொடுமளவுக்குக் குனிந்து இழுக்க வேண்டும். வெட்டு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு விரற்கடை தண்டை விட்டுவைத்தால், அடுத்த ஆண்டுத் தளிர் அந்தத் தண்டிலுள்ள மொட்டிலிருந்து பக்கவாட்டில் புறப்பட்டு, அடி வளைந்த வளாராக எழும். அவ்வாறு ஆண்டுதோறும் விட்டுக்கொண்டே போனால் கட்டை முழங்கால் உயரத்துக்கு முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, வளார் எல்லாம் கொக்கி போல் வரும். பத்தாண்டுக்கு முன் எந்தப் பாத்தியை அவசரக்காரர் ஒருவர் அரிந்தார் என்பதை அந்த முதியவரால் கட்டையைப் பார்த்தே சொல்ல முடிந்தது. மழுங்கிய அரிவாள் பட்டையைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் அழுகல் புகும். ஆகவே சாணைக்கல் சட்டைப்பையை விட்டு நீங்குவதில்லை.

அரிந்த வளார்களைக் கட்டுவதற்குக் கயிறு தேவையில்லை. மெல்லிய வளார் ஒன்றையே கட்டைச் சுற்றி இறுக்கி, முனையை முறுக்கித் தன்னடியிலேயே செருகிவிட்டால் அவிழாது. வணிகத்தில் கட்டுக்கு ஓர் அளவு உண்டு. 'போல்ட்' எனப்படும் அக்கட்டு, அடியிலிருந்து ஓர் அடி உயரத்தில் அளந்தால் 3 அடி 1 அங்குலம் சுற்றளவு இருக்க வேண்டும். நீளம் எதுவாயினும் சுற்றளவு இதுவே என்பதால், நீண்ட வளார்க் கட்டில் எண்ணிக்கை குறைவாகவும் குறுகிய வளார்க் கட்டில் மிகுதியாகவும் இருக்கும்.

பிரிப்பு வேலை இயந்திரத்துக்கு இன்றும் முழுமையாக இடம் கொடுக்காதது. ஒரு பீப்பாயைத் தரையில் பாதி புதைத்து, அதில் கலப்பு வளார்களை அடி கீழாக நிறுத்துகிறார்கள். பக்கத்தில் அடிக்கணக்குக் குறியிட்ட அளவுகோல் ஒன்று நட்டிருக்கும். எல்லா வளாரின் அடியும் ஒரே மட்டத்தில் நிற்பதால், நுனிகளின் உயர வேறுபாடு கண்ணுக்கு நேரே தெரியும். முதலில் எட்டடிக்கு மேற்பட்டவற்றைக் கைப்பிடி கைப்பிடியாக உருவி எடுத்து, பிறகு ஏழடி, ஆறடி என்று இறங்கி, கடைசியில் மூன்றடிக் குறுவளார் மிஞ்சும் வரை உருவுகிறார்கள். உருவும்போதே கிளைத்தது, தழும்புடையது, வண்டு கடித்தது ஆகியவை விரலுக்கு அகப்பட்டுத் தனியே போய்விடும். அந்தக் குடியானவரின் வீட்டுக்கார அம்மையார் இதைச் செய்த வேகத்தில் அவருடைய கண்கள் பெரும்பாலும் வாசலில் வருவோர் போவோர் மீதே இருந்தன. கழிவைக் கண்டுபிடித்தது கைதான்.

இதன் பின்னர் வளார் மூன்று நிறங்களாகப் பிரிகிறது. பட்டையோடு அப்படியே உலர்த்தியது பழுப்பு. பட்டையை உரித்தால் வெள்ளை. ஆனால் குளிர்காலத்தில் அரிந்த வளாரின் பட்டை உடனே உரியாது. அதனால் கட்டுகளை ஒரு சாண் ஆழத்துக்குக் குறைவான நீர் நிற்கும் குழியில் அடி நனைய நிறுத்தி வைக்கிறார்கள். வேரற்ற அந்த வளார் வசந்தத்தில் சாறு ஏறித் தளிர் விட்டு, நீரடியில் வேரும் விடத் தொடங்கும். அந்த மே மாத நாள்களில் பட்டை மரத்தை விட்டுத் தளர்ந்திருக்கும். மூன்றாவது நிறத்துக்கு வளாரைப் பட்டையோடு பெரிய தொட்டியில் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் மரத்தில் இறங்கி, உரித்தபின் தேன் கலந்த செம்மஞ்சள் நிறம் தருகிறது. வேகவைத்தால் எந்தப் பருவத்திலும் பட்டை உரியும் என்பதால், வசந்தத்துக்குக் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் நீங்கியது. வணிகத்தில் இதுவே பெருவழக்காகியதற்கு நிறத்தின் அழகைவிட இந்த வசதியே காரணம் என்று கருத இடமிருக்கிறது.

உரிப்பதற்கு ஒரு கருவி உண்டு. மரக்கட்டையில் இரும்புக் கவையொன்றை நட்டு, அதன் இரு கரங்களும் மேலே அகன்று கீழே நெருங்கியிருக்குமாறு அமைத்து, வளாரை அதில் அழுத்தி இழுத்தால் பட்டை இரு பக்கமும் கிழிந்து நாராக விழும். இயந்திரம் வருவதற்கு முன் இந்த வேலை பெண்களுடையதாகவும் சிறுவர் சிறுமியருடையதாகவும் இருந்தது. வீட்டுக்கார அம்மையாருக்கு அவ்வேலையைப் பற்றிச் சிறுவயது நினைவுகள் இருந்தன. நாள் முழுதும் ஈரப் பட்டையைக் கையாண்டதால் விரல்கள் கறுத்துத் துவர்த்துப்போய், ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தில் கையை மடித்து மறைத்துக்கொண்டதையும், கட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியதையும் அவர் பெருமையோ குறையோ இல்லாத தொனியில் சொன்னார். உரித்த வளார் வேலியோரம் சாய்த்து உலர வைக்கப்பட்டிருக்கும் பழைய ஒளிப்படங்கள் அழகானவை. அந்த அழகில் சிறுமியரின் விரல்கள் தெரிவதில்லை.

முடைவது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அது வேறு நூல்களில் விரிவாகக் கிடைக்கிறது. உலர்ந்த வளாரை மீண்டும் நனைத்தால்தான் வளையும். பட்டையுள்ளது அடி ஒன்றுக்கு ஒரு நாள் வீதம் ஊற வேண்டும் என்பது பொதுக்கணக்கு, உரித்தது ஓரிரு மணி நேரத்தில் இளகிவிடும். ஊறியதை ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றி வைத்தபின் வேலை தொடங்கும். தடித்த குறுந்தண்டுகளைக் குறுக்காகச் செருகி அடிப்பகுதியைத் தொடங்கி, சுற்றிலும் நிமிர்கம்பிகளை நட்டு, அவற்றினிடையே வளார்களை உள்ளும் புறமுமாக ஓட்டி, ஒவ்வொரு சுற்றையும் இரும்புத் தட்டுக்கருவியால் இறுக்கி, இறுதியில் நிமிர்கம்பிகளையே மடித்துப் பின்னி விளிம்பாக்குகிறார்கள். கருவிகள் ஒரு கத்தி, ஒரு தமரூசி, ஒரு தட்டுக்கருவி, மடியில் வைக்கும் சாய்பலகை ஆகியவை மட்டுமே. வளாரின் அடியும் நுனியும் ஒரே தடிமன் அல்ல; அந்த வேறுபாடு எல்லா வளாரிலும் ஒரே சீராக இருந்தால்தான் கூடையின் சுவர் கோணாமல் எழும். வயலில் நெருக்கமும், களையெடுப்பும், பீப்பாய்ப் பிரிப்பும் ஒழுங்காக நடந்திருந்தால் கற்றுக்குட்டியின் கூடையும் ஓரளவு நேராக நிற்கும். அவை தவறியிருந்தால் தேர்ந்தவரும் வளாரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சாமர்செட்டில் இத்தொழிலின் தொன்மைக்குச் சான்று மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. கிளாஸ்டன்பரி அருகே ஆர்தர் புல்லீட் 1892இல் கண்டறிந்து அகழ்ந்த இரும்புக்காலச் சதுப்புநிலக் குடியிருப்பில் கூடைகளின் எச்சங்கள் நீரில் ஊறிய மண்ணில் அழியாமல் இருந்தன. லண்டனில் கூடை முடைவோர் சங்கம் 1569இல் அமைந்தது. ஆனால் வயல்வெளியாக வில்லோ பரந்தது பிற்காலத்தில், தொழிற்சாலைகளுக்கும் சந்தைகளுக்கும் கூடை தேவைப்பட்டபோது. ஸ்டோக் செயின்ட் கிரெகரியில் இன்றும் இயங்கும் கோட்ஸ் குடும்ப நிறுவனம் தன் தொடக்கத்தை 1819 என்று குறிக்கிறது. முதல் உலகப்போரில் பீரங்கிக் குண்டுகளை எடுத்துச்செல்லவும், இரண்டாம் உலகப்போரில் பாராசூட்டில் படைகளுக்குப் பொருள்களை இறக்கவும் வில்லோக் கூடைகள் பெருமளவில் முடையப்பட்டன. விழும் அதிர்ச்சியை மரப்பெட்டி தாங்காது, கூடை நெளிந்து கொடுத்துத் தாங்கும். 1930களில் இத்தாழ்நிலத்தில் ஏறத்தாழ 9,000 ஏக்கரில் வில்லோ பயிரானது. அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் பரவிய 1950களுக்குப் பின் அது சரிந்து, நூற்றாண்டின் இறுதியில் சுமார் 350 ஏக்கராகக் குறைந்தது. எஞ்சியவர்கள் புதிய வழிகள் கண்டார்கள். வெப்பக்காற்றுப் பலூனில் ஆட்கள் நிற்கும் தொட்டி இன்றும் பெரும்பாலும் வில்லோவால் முடையப்படுவது. ஓவியர்கள் கோடிழுக்கும் கரித்துண்டு காற்றுப் புகாத கலத்தில் சுட்ட வில்லோ வளார். அண்மைக் காலத்தில் சவப்பெட்டிகளும் வில்லோவில் முடையப்படுகின்றன. கரித்துண்டுக்குச் செல்லும் வளாருக்கும் இதே நேர்த்தி வேண்டும் என்பதால் அந்த வயல்களின் பண்டுவம் மாறவில்லை.

இத்தொழிலைப் பற்றி எழுதுவோரில் பலர் முடைபவரின் கைத்திறனையே பாடுகிறார்கள். கண்காட்சிகளும் பயிற்சி வகுப்புகளும் அந்தக் கைகளைச் சுற்றியே நடக்கின்றன. கூடையின் விலையைக் கேட்டுப் புருவம் உயர்த்துபவருக்கு, முடைந்த மணி நேரக் கணக்கைச் சொல்லி நியாயப்படுத்துகிறார்கள். மூன்றாண்டு காத்திருந்ததும், ஜூன் மாதம் கொடி வேர் தோண்டியதும், ஜனவரிச் சேற்றில் குனிந்து அரிந்ததும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. தஞ்சையில் நெல்லின் விலையைப் பற்றிப் பேசப்படுவதும் ஏறத்தாழ இவ்வாறுதான்.

ஊர் திரும்பியபின் அந்தத் தஞ்சைக்காரரிடம் வில்லோப் போத்து கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அவர் சொன்னதையே இங்கும் சொல்லலாம். கூடை வில்லோ இலையுதிர்ந்து உறங்குவதற்கு உண்மையான குளிர்காலம் வேண்டும். அது இல்லாத சமவெளியில் அது வளாராகாது. உயிருள்ள போத்துகளை இறக்குமதி உரிமமும் தாவர நலச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் சட்டத்துக்குப் புறம்பானது. தமிழகத்தில் முடைய விரும்புவோருக்கு மூங்கிலும் பிரம்பும் பனையோலையும் ஈச்சமிலாறும் இருக்கின்றன. அவற்றை வெட்டும் பருவமும் பக்குவமும் அறிந்தவர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள், முதலில் அவர்களிடம் போக வேண்டும். வில்லோவையே காண விரும்புவோர் இங்கிலாந்து வரை செல்லத் தேவையில்லை. காஷ்மீரத்தில் கந்தர்பல் மாவட்டத்துச் சிற்றூர்களில் இலையுதிர் காலத்தின் இறுதியில் சென்றால், அரிந்த வளார்களைக் கொப்பரையில் வேகவைத்துப் பட்டை உரிப்பதையும், குளிருக்கு நெருப்புச்சட்டி வைத்துச் சுமக்கும் காங்கிரிக்குக் கூடு முடைவதையும் நேரிலேயே பார்க்கலாம்.